ராமேஸ்வரம் பயணமும் வீட்டில் ஒருவரின் பதற்றமும்: தவிர்ப்பதா, இழுத்துப் போவதா, பாதி வழி போவதா?

ரயில் டிக்கெட் போட்டாயிற்று, அறையும் எடுத்தாயிற்று. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் ஒருவர், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்கிறார். பாம்பன் பாலத்தையோ கோயில் வரிசையையோ நினைத்து நாலு நாளாக அவருக்குத் தூக்கமில்லை. வெளியே சொன்னால் கேலி செய்வார்களோ என்று வீட்டைக் காரணம் சொல்கிறார்.

அதோடு குடும்பம் இரண்டாகப் பிரியும். "பாவம், மதினிய விட்டுடுங்க, கஷ்டப்படுத்தாதீங்க" என்பார்கள் சிலர். "அங்க வந்து கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும், கிளம்பச் சொல்லு" என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்புக்கும் அவர்மேல் அன்புதான். ஆனால் இரண்டு யோசனையுமே பெரும்பாலும் அவருக்கு உதவுவதில்லை. ஏன் என்பதையும், ராமநாதபுரம் கடற்கரையில் ஒவ்வோர் இடத்திலும் என்னென்ன தேர்வுகள் இருக்கின்றன என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மூன்று வழிகள்

முதல் வழி தவிர்ப்பது. வீட்டிலேயே இருந்துவிடுவது, அல்லது கூட வந்து அறையிலேயே முடங்குவது. இதில் நிம்மதி உடனே கிடைக்கும். "நான் வரல" என்று சொன்ன நொடியில் நெஞ்சுப் படபடப்பு இறங்கிவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வராமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை பாம்பன் வரைக்கும் போக வேண்டியதில்லை, மதுரைக்குப் பஸ் ஏறுவதே பெரிதாகிவிடும். தவிர்த்த ஒவ்வொரு இடமும் பயத்தின் எல்லையை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறது. அறையில் தனியாக இருப்பதற்கு இன்னொரு கேடும் உண்டு. மற்றவர்கள் வரும்வரை மணிக்கணக்கில் உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பார். துடிப்பை எண்ண எண்ணத் துடிப்பு கூடும்.

இரண்டாவது வழி, எல்லாவற்றுக்கும் இழுத்துப் போவது. பயந்த இடத்துக்குப் போனால்தான் பயம் போகும் என்ற எண்ணம் பாதி சரி. அந்த இடத்தில் பதற்றம் தானாக இறங்குகிற வரைக்கும் நிற்க முடிந்தால் பயம் குறையும். ஆனால் ராத்திரி ரயிலில் தூங்காமல் வந்து, வெறும் வயிற்றில் கடலில் முங்கி, நெரிசலில் 22 தீர்த்தமும் ஆடி, மதிய வெயிலில் தனுஷ்கோடி போனால் எப்படி நிற்க முடியும்? பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதே தப்பித்து ஓட வேண்டி வரும். ஓடியதும் நிம்மதி வரும், அதுவும் தவிர்த்ததற்குச் சமமாகிவிடும். ஊர் திரும்பிய பிறகு, "ராமேஸ்வரத்துல எனக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல" என்று வருடக் கணக்கில் அதுவே பேச்சாக இருக்கும்.

மூன்றாவது, பாதி வழி. எங்கே வரைக்கும், எவ்வளவு நேரம் என்பதை முதலிலேயே அவரைக் கேட்டு முடிவு செய்துகொண்டு போவது. இதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதை விட்டால் இந்த வழியும் வீண். திரும்பும் நேரத்தைக் கடிகாரம் சொல்ல வேண்டும், பயம் சொல்லக் கூடாது. "20 நிமிஷம் இருப்போம்" என்று பேசியிருந்தால் நன்றாக இருந்தாலும் 20 நிமிஷத்தில் திரும்பலாம். படபடப்பு வந்தாலும் அந்த 20 நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திடீரென்று வரும் பீதி பொதுவாகச் சுமார் 10 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே அடங்கும். அதை ஒருமுறை உடம்போடு உணர்ந்தவருக்கு, பத்து பேர் சொல்லும் தைரியத்தைவிட அது பெரிது.

நிற்பதா திரும்புவதா என்று அந்த நேரத்தில் குழம்பாமல் இருக்க, பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடப் பழகிக்கொள்ளுங்கள். 4 வரை இருந்தால் நடையைத் தொடரலாம். 6, 7 ஆனால் முன்னேயும் போக வேண்டாம், பின்னேயும் வேண்டாம், அதே இடத்தில் ஓரமாக உட்காருங்கள். பாதியாக இறங்கிய பிறகு எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கலாம். அரை மணி ஆகியும் இறங்கவில்லை என்றால் அறைக்கு ஓடாமல் ஒரு படி மட்டும் பின்வாங்குங்கள்: வரிசையிலிருந்து பிரகாரத்துக்கு, கடற்கரையிலிருந்து காருக்கு.

எதற்குப் பயம் என்று முதலில் கேளுங்கள்

"பயமா இருக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் பல பயங்கள் இருக்கும். ஒருவருக்கு நெரிசல். இன்னொருவருக்கு, உதவி கிடைக்காத வெட்டவெளி. சிலருக்கு உயரமும் தண்ணீரும். "எனக்கு ஏதாவது ஆயிட்டா ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்" என்பது சிலருடைய ஓயாத கணக்கு. இந்தக் கடற்கரையில் ஒரே இடம் ஒருவருக்கு மருந்தாகவும் மற்றவருக்கு நோயாகவும் இருக்கும். கோயிலில் மூச்சு முட்டுபவருக்குத் தனுஷ்கோடி மணல்வெளி சுகமாக இருக்கலாம். கோயிலுக்குள் ஜனத்தோடு தெம்பாக நடப்பவர், இரண்டு பக்கமும் கடல் மட்டும் தெரியும் அந்த ஒற்றைச் சாலையில் வெலவெலத்துப் போகலாம். இதைக் கேட்காமல், "கூட்டமில்லாத இடமாப் பாத்து" என்று நீங்களாகத் திட்டம் போட்டால் தவறான இடத்துக்கு அழைத்துப் போய்விடுவீர்கள்.

பாம்பனைக் கடப்பது: ரயிலா, காரா?

சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்றரை நிமிடத்தில் கடந்துவிடலாம். இந்த எண்ணை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாட்டு ஒன்று ஓடி முடியும் நேரம்தான். ஆனால் விடுமுறை நாட்களில் பாலத்தின் நடுவில் வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுப்பவர்களால் நெரிசல் வரும், மூன்றரை நிமிடம் கால் மணியாகிவிடும். உயரத்துக்குப் பயந்தவர் இருக்கும் காரில், "இறங்கி ஒரு செல்பி" என்ற பேச்சே வேண்டாம். கூட்டம் சேரும் முன், காலை 8 மணிக்குள் கடப்பது நல்லது.

ரயில் வேறு மாதிரி. 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கப்படும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு ரயில்கள் அதில் ஓடுகின்றன. ஜன்னலுக்குக் கீழே நேராகக் கடல் தெரியும். நடுவில் இறங்க முடியாது என்பதுதான் இதில் கடினம். மற்றபடி ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, வழி தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. எங்கள் கணிப்பு: பாலம்தான் பயம் என்றால் கார் நல்லது, ஏனென்றால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். நீண்ட பயணமே பயம் என்றால் ரயில் நல்லது. சென்னையிலிருந்து வருபவர்கள் ஒரே மூச்சாக இரவு ரயிலில் வராமல், மதுரையில் ஓர் இரவு தங்கிப் பகலில் வந்தால் தூக்கமும் கெடாது. தூக்கம் கெட்ட மறுநாள் சாதாரண ஆளுக்கே நெஞ்சு லேசாக அடித்துக்கொள்ளும், பதற்றக்காரருக்கு அதுவே பெரிய அபாயமாகத் தோன்றும்.

பாலத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடப்பது உதவாது. கண்ணை மூடியதால்தான் பிழைத்தோம் என்ற கணக்கு சேர்ந்துவிடும். கீழே பார்க்க வேண்டாம், எதிரே தெரியும் கரையைப் பார்த்தால் போதும். திரும்பி வரும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் பார்க்கலாம்.

தங்குவது எங்கே

கோயிலுக்குப் பக்கத்தில், பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் கடலோர விடுதியில், ராமநாதபுரம் டவுனில் என்று மூன்று தேர்வு. டவுனில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். தினமும் பாலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும். மண்டபம் பக்கம் அமைதி, ஆனால் ஒரு தேநீருக்கும் வண்டி எடுக்க வேண்டும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் சேர்ந்து திரும்ப வேண்டியதாகும், "என்னால எல்லாருக்கும் கெட்டுது" என்ற குற்ற உணர்வு அதோடு வந்துவிடும்.

பதற்றம் உள்ளவரோடு போனால் கோயிலிலிருந்து 10 நிமிட நடைத் தூரம் சரியாக இருக்கும். ரத வீதிகளிலேயே எடுத்தால் விடியுமுன் ஒலிபெருக்கியும் வண்டிச் சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும், இரண்டு மூன்று தெரு தள்ளி எடுங்கள். லிஃப்ட் பயம் இருந்தால் தரைத்தளமாகக் கேளுங்கள். ஒரே அறையில் எட்டு பேர் பாய் விரித்துப் படுப்பது இந்த ஒரு பயணத்தில் மட்டும் வேண்டாம். அவரும் துணையும் தனியாகப் படுக்க ஓர் அறை இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

கோயிலும் தீர்த்தமும்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், காரணங்களும் தெளிவானவை. அக்னி தீர்த்தக் கடலில் முங்கி, ஈரத்துணியோடு வரிசையில் நகர்ந்து, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி நீரைத் தலையில் வாங்க வேண்டும். குளிர்ந்த நீர் சட்டென்று தலையில் விழுந்தால் யாருக்கும் மூச்சு ஒரு கணம் நின்று வேகமாக இழுக்கும். உடம்பின் இயல்பு அது. பதற்றக்காரர் அதை, "மூச்சு அடைக்குது, வந்துடுச்சு" என்று எடுத்துக்கொள்வார். விடாமல் வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதடும் மரத்துப் போகும், தலை கிறுகிறுக்கும். அதைக் கண்டு பயம் மேலும் ஏறும். இந்தச் சங்கிலியை விவரம் தெரிந்தவர் வழியில் எங்கும் அறுக்கலாம். வாளி சாயும்போது மூச்சை வெளியே விடுங்கள். தண்ணீர் ஊற்றுபவரிடம், "அண்ணே, தோள்ல ஊத்துங்க, தலைக்கு வேணாம்" என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.

கூடவே வெறும் வயிறு. தீர்த்தமாடிச் சாமி பார்த்த பிறகுதான் சாப்பாடு என்று இருப்பார்கள், ஆனால் நடுவில் ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி மட்டும் இறங்கியிருக்கும். பசியாலும் காபியாலும் வரும் கைநடுக்கத்தைப் பதற்றத்திலிருந்து பிரித்தறிய முடியாது. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், காபியை விட்டுவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர் பட்டினியாக வரிசையில் நிற்பது கண்டிப்பாகக் கூடாது.

தேர்வுகள் இப்படி. 22-ம் ஆடுவது என்றால் வார நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் பதற்றம் உள்ளவரை அழைத்துப் போகாதீர்கள், ஊரே திரண்டிருக்கும். விடிகாலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசன நேரமும் அவருக்கு உகந்ததில்லை. இரண்டாவது, அக்னி தீர்த்தத்தில் மட்டும் நீராடி, அறைக்கு வந்து உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு தரிசனத்துக்கு மட்டும் போவது. அந்தக் கரையில் கடல் குளம்போல் இருக்கும், முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்தே நீராடலாம். முதல் முறை வருபவருக்கு இதையே சொல்வோம். மூன்றாவது, தீர்த்தமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், மாலையில் மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று நடந்து வருவது. நீளமான அந்தத் தூண் வரிசையில் காற்றோட்டம் உண்டு, நெரிசலும் குறைவு. முதல் நாள் மாலை பிரகாரம், மறுநாள் தரிசனம், முடிந்தால் அதற்கடுத்த நாள் தீர்த்தம் என்று இவற்றை அடுக்கிக்கொள்வது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்றைப் பலரும் யோசிப்பதில்லை. கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. "எதுவும்னா போன் பண்ணு" என்ற ஆறுதல் அங்கே செல்லாது. உள்ளே போகுமுன், பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தையும் நேரத்தையும் பேசிவிடுங்கள். கிழக்குக் கோபுர வாசல் எல்லாருக்கும் எளிது, அங்கிருந்து அக்னி தீர்த்தமும் கடல் காற்றும் பக்கம். கல்தரை முழுக்க ஈரம், வழுக்கும். பதற்றத்தில் வேகமாக வெளியேறுபவர் விழுவதற்கு இது ஒன்றே போதும். நடையை மெதுவாக்கச் சொல்லுங்கள், மெதுவான நடை மூச்சையும் மெதுவாக்கும்.

தனுஷ்கோடி: படிப்படியாகப் போக இயற்கையே போட்ட வழி

வெட்டவெளிக்கும் "உதவி கிடைக்காது" என்ற எண்ணத்துக்கும் பயப்படுபவருக்கு இந்தச் சாலையைப் போல நல்ல பயிற்சிக் களம் கிடைப்பது அரிது. நிறுத்தங்கள் தானாகவே படிகளாக அமைந்திருக்கின்றன. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் கோதண்டராமர் கோயில் பிரிவு. அதைத் தாண்டினால் முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் திறந்த சாலை 9.5 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த பழைய ஊர், இடிந்த தேவாலயச் சுவர்கள், சங்குக் கடைகள், மீனவர் குடிசைகள். கடைசியில் முனை.

ஒரே நாளில் முனை வரைக்கும் போகத் தேவையில்லை. முதல் நாள் கோதண்டராமர் கோயிலில் 20 நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த நாள் பழைய ஊர், அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், தேநீர் கிடைக்கும். முடிந்தால் முனை. ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்ததற்கு நகருங்கள்.

எதில் போவது என்பது இங்கே முக்கியம். சொந்தக் கார் அல்லது காத்திருக்கப் பேசிய ஆட்டோதான் நல்லது, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். அரசுப் பேருந்து மலிவு, ஆனால் திரும்பும் நேரம் உங்கள் கையில் இல்லை. வெயிலில் பஸ்ஸுக்காக நிற்கும் அரை மணி, பாதி வழிப் பயிற்சி முழுவதையும் கெடுத்துவிடும். மாலையில் பார்வையாளர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே கடைசி நேரத்தில் போய் அவசரமாகத் திரும்புவதைவிடக் காலை 7 மணிக்குப் புறப்படுவது மேல். நிழல் கிடையாது. செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, அதையும் அவரிடம் முன்பே சொல்லுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் அதுவே ஓர் அதிர்ச்சி.

காற்றைப் பற்றி ஒரு விஷயம். ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும், மணல் முகத்தில் அறையும். முகத்துக்கு நேராக அடிக்கும் காற்று மூச்சைத் திணறடிக்கும், உள்ளே பயமே இல்லாதவருக்கும்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஒரே நிமிடத்தில் சரியாகும். அந்த மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம், உள்ளூரில் வடகடல் என்பார்கள், அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே கடலில் இறங்குவது யாருக்குமே கூடாது. "கால் நனைச்சா பயம் தெளியும்" என்று கையைப் பிடித்து இழுப்பது ஆபத்தான அன்பு.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழல், ஆழமில்லாத அலை, வண்டி பக்கத்திலேயே நிற்கும். பயணத்தின் முதல் நாளுக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகங்களுக்கு நடைபாதையில் போய் வரலாம், நினைத்தபோது திரும்பலாம், பாலப் பயம் உள்ளவருக்குச் சின்ன ஒத்திகை. பாம்பன் பக்கத்துக் குந்துகால் கடற்கரை மாலை நேரத்துக்கு நல்லது. படகுகளைக் கடைசியில் வையுங்கள். காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகானாலும் சரி, பாம்பன் பக்கத்துப் படகானாலும் சரி, ஏறிவிட்டால் பாதியில் இறங்க வழியில்லை. இரண்டிலும் காரங்காடு எளிது. கரை எப்போதும் கண்ணில் படும், நீர் அசையாமல் இருக்கும்.

மூச்சா, மாத்திரையா?

மூச்சுப் பயிற்சி: மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுவது. நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு வரும், 5 நிமிடம் செய்ய வேண்டும். "நல்லா ஆழமா இழுத்து விடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது தப்பு, ஏற்கனவே அதிகம் இழுப்பதுதான் சிக்கல். விடுவதை நீட்டினால் போதும். பேப்பர் பையில் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம், இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து. ஊரில் இருக்கும்போதே இரண்டு வாரம் தினம் இரண்டு வேளை பழகாமல், பாலத்தில் முதன்முதலாகச் செய்தால் வேலை செய்யாது.

மாத்திரைகளில், தினமும் சாப்பிடும் மனச்சோர்வு, பதற்ற மாத்திரைகள் பலன் தர 2 முதல் 6 வாரம் ஆகும், தொடக்கத்தில் சிலருக்குப் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். பயணத்துக்கு முந்தின வாரம் புதிதாகத் தொடங்குவது சரியான நேரம் இல்லை. ஏற்கனவே எடுப்பவர், "கோயிலுக்குப் போறோம், நாலு நாள் விட்டுடலாம்" என்று நிறுத்தவே கூடாது. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், அதைப் பழைய நோய் என்று நினைத்துக் கலங்குவார்கள். பயண நாட்களோடு மூன்று நாளுக்கு அதிகமாக மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள்.

அவசரத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை மாத்திரைகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. விழுங்கிய மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். பீதியோ அதற்குள் தானே இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்கியது தானாக, பெயர் மாத்திரைக்கு. அடுத்த முறை மாத்திரை இல்லாமல் தெருமுனைக்கும் போக முடியாது என்றாகிவிடும். தூக்கக் கலக்கத்தில் கோயில் ஈரக்கல்லில் வயதானவர் விழுவார். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நீண்ட பயணம் ஒன்றுக்காக மருத்துவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் மாத்திரையை வீட்டில் ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சித்தப்பா வைத்திருந்த மிச்ச மாத்திரை வேண்டாம். கைநடுக்கத்துக்கும் நெஞ்சு படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது.

லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர் இருந்தால் தனிக் கவனம் வேண்டும். வியர்வையில் உப்பும் நீரும் போனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் பதற்றம் என்று நினைத்து உட்கார வைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற எல்லாருக்கும் இந்தக் கடற்கரையில் நீர்ச்சத்துக் குறைவே பாதிப் பதற்றத்தின் தொடக்கம். புழுக்கத்தில் வியர்வை காயாது, தாகமும் சரியாகத் தெரியாது, இதயம் மட்டும் வேகமாக அடிக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து வைத்துக்கொண்டு இடைவிட்டுக் குடிக்கலாம். இளநீரும், கோடையில் நுங்கும் வழியெல்லாம் கிடைக்கும்.

கூட இருப்பவர் ஒருவர் போதும்

பதற்றம் வந்ததும் ஏழு பேர் சூழ்ந்து விசிறினால் அவருக்குக் காற்றும் போகும், மானமும் போகும். ஒருவரை மட்டும் முன்பே நியமியுங்கள், அவரே தேர்ந்தெடுக்கட்டும். மகளோ, நாத்தனாரோ, சில வீடுகளில் பேரனாகவும் இருக்கலாம். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு நடக்கட்டும். "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்றால் அவர் பொய் சொல்வதாகச் சொன்னது போலாகும். "இப்ப எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். "சரி, உக்காருவோம், நான் எங்கயும் போகல" என்று சொல்லி, மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லலாம், காதில் விழும் மூன்று சத்தத்தைக் கேட்கச் சொல்லலாம். அடங்கிய பிறகு பாராட்டும் வேண்டாம், பாடமும் வேண்டாம். அடுத்த தேநீர் எங்கே என்று பேச்சை மாற்றுங்கள்.

ஏர்வாடியா, மருத்துவரா?

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, "அப்படியே ஏர்வாடிக்கும் போயிட்டு வந்துடுவோம், மனசு தெளியும்" என்று பெரியவர் ஒருவர் கட்டாயம் சொல்வார். மனநோய் தீர வேண்டி, மதம் பாராமல் ஜனங்கள் நம்பிக்கையோடு வரும் தர்கா அது. துஆ ஓதி ஆறுதல் பெறுவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள். கடுமையாக நோயுற்றவர்களை அங்கே பார்த்ததும், "நானும் இப்படி ஆயிடுவேனோ" என்ற பயம் பதற்றக்காரருக்குப் புதிதாக ஒட்டிக்கொள்ளும். சிகிச்சைக்கென்று யாரையும் அங்கே விட்டுவரவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. தவாவும் துஆவும் என்ற பெயரில், பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் சேர்த்துத் தரும் அரசின் திட்டமும் அதே ஊரில்தான் வந்தது. மருந்தா, பிரார்த்தனையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மருந்தை விடாமல் பிரார்த்திக்கலாம்.

வழியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தாங்க முடியவில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்த எண்ணை உடனே அழையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். நெஞ்சில் பாறை வைத்தது போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவை வந்தால் மதிப்பெண் கேட்டுக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், முதல் முறையாக இப்படி வருபவர் என்றால் பதற்றம் என்று வீட்டார் தீர்ப்பு சொல்லவே கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலி இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வரும்.

இரண்டு நாளா, நாலு நாளா?

இரண்டு நாள் பயணத்தில் எல்லாம் ஒரே முறைதான், தவறினால் மறுபடி முயல இடமில்லை. அதனால் குடும்பமும் அவசரப்படும், அவரும் நெருக்கப்படுவார். நாலு நாள் இருந்தால் முதல் நாள் தூக்கமும் அரியமானும், மாலையில் முடிந்தால் பிரகாரம். இரண்டாம் நாள் தரிசனமும், கோதண்டராமர் கோயில் வரைக்கும் வண்டியில் ஒரு பயணமும். கடினமானது எதுவோ அதை மூன்றாம் நாள் காலையில் வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மூன்றாம் நாள் பழைய ஊரோடு திரும்ப வேண்டி வந்திருந்தால் நாலாம் நாள் காலை, ஊருக்குப் புறப்படுமுன், மற்றவர்களைப் பெட்டி கட்டவிட்டு அவரும் துணைக்கு ஒருவரும் மட்டும் ஆட்டோ பிடித்து அதே தேவாலயச் சுவர் வரைக்கும் போய், 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.